திண்டுக்கல் பூட்டும் சுப்பராயலுவின் சுயசரிதையும்

"ரொம்பப் பிரமாதமா இருக்கு தம்பி. ஒரு குறையும் இல்ல" என்று சுப்பராயலு சொன்னபோது தனசேகருக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அவன் அதுவரை வாங்கியிருந்த வசவு அப்படி. தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில் அவனுக்கு வேலை. கம்பெனி விற்பது ஒரே ஒரு சரக்கு. கோப்புகளுக்குப் பூட்டு. நீங்கள் எழுதியதைப் பூட்டி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர்களால் அதை நகலெடுக்க முடியாது, அச்செடுக்க முடியாது, அடுத்தவருக்குத் தள்ளிவிடவும் முடியாது. படிப்பதற்குத் திறந்தால்கூட, 'இன்னார் படிக்கலாமா?' என்று பூட்டை வாங்கிய உரிமையாளரின் போனுக்கு ஒரு கேள்வி போகும். அவர் சரி என்று தட்டினால்தான் திறக்கும்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் என்று முதலாளி அதற்குத் 'திண்டுக்கல்' என்று பெயர் வைத்துவிட்டார். வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்பது தனசேகரின் தலையெழுத்து. திண்டுக்கல்லிலிருந்து பேசுகிறேன் என்றதுமே பாதிப் பேர் பிரியாணி வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் பூட்டைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் சொன்னார்கள். அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப முடியாது.

மேலிடம் என்றால் வினிதா. அவள் அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"மாசக் கடைசியில நமக்குப் பணம் போட்ட பெங்களூர்க்காரங்க வராங்க தனா. ஒரே ஒரு யூசர் கேமரா முன்னாடி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும். இல்லைன்னா திண்டுக்கல்லை மூடிடுவாங்க. திண்டுக்கல்னா நீயும் நானும்தான்."

வீட்டில் வெண்ணிலாவுக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால் வளைகாப்பில் மாமனார் பக்கத்து ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையில் தனசேகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து இந்தப் புண்ணியவான் கிடைத்தார். அவரைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டான்.

சுப்பராயலு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'ஒரு நேர்மையாளனின் நெடும்பயணம்' என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். அதை எவனாவது திருடித் தன் பெயரில் போட்டுக்கொள்வான் என்பது அவருடைய பயம்.

"இப்படி ஒரு பூட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது. வீட்லதான் சொன்னாங்க" என்றார். அவர் மனைவி காந்தா காபியை வைத்துவிட்டு, லேசாகச் சிரித்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

புத்தகத்தை உற்றார் உறவினர் எல்லோருக்கும் பூட்டி அனுப்பியிருந்தார். வந்த பாராட்டுகளைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். காந்தாவின் தம்பி தசரதன், 'ஒரே மூச்சில் படித்தேன் மாமா, கண் கலங்கிவிட்டது' என்று எழுதியிருந்தார். தசரதனின் மகனுக்கும் சுப்பராயலுவின் மகள் ஸ்ரீவித்யாவுக்கும் தை மாதம் கல்யாணம். சம்பந்தியே கண் கலங்கியதில் சுப்பராயலுவுக்குத் தனிப் பெருமை.

தனசேகர் துள்ளிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். பெங்களூர்க்காரர்களுக்குக் காட்ட, புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று கணினியில் தேடினான். ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை. கண் கலங்கிய தசரதன் பலமுறை திறந்து பார்த்து, அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போயிருந்தார்.

சந்தேகம் தீர அவன் தசரதனுக்கே போன் செய்து, புத்தகத்தில் எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டான். எல்லாமே பிடித்தது என்றார் தசரதன். குறிப்பாக என்று கேட்டதும், அந்தச் சின்ன வயசுப் பகுதி என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டார். திறக்கவில்லை என்று வாய் தவறிச் சொன்னால் சுப்பராயலு நேரிலேயே வந்து வாசித்துக் காட்டுவார் என்று உறவு முழுக்கத் தெரிந்திருந்தது.

இருக்கிற ஒரே நல்ல யூசரின் கோப்பும் திறக்கவில்லை. அனுமதிக் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி சாதித்தது. ஒன்றும் வரவில்லை என்று சுப்பராயலு சாதித்தார். யூசர் சொல்வதுதான் சரி என்பது தனசேகருக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் பதில் வரும்வரை கேள்வி திரும்பத் திரும்பப் போகும்படியும் மணி அடிக்கும்படியும் மாற்றச் சொல்லிவிட்டு, சோதித்துப் பார்க்க மறுபடியும் ராஜகீழ்ப்பாக்கம் போனான்.

சின்ன டெஸ்ட் என்று மட்டும் சுப்பராயலுவிடம் சொன்னான். புதிதாக எழுதிய அத்தியாயத்தை எடுத்துவர அவர் மாடிக்குப் போனார். அவர் விட்டுப்போன போனை எதிரில் வைத்துக்கொண்டு, அவர் தனக்கும் அனுப்பியிருந்த புத்தகத்தைத் தன் போனிலிருந்து திறக்கப் பார்த்தான். அவர் போன் ஊமையாகக் கிடந்தது. சமையலறையில் 'டிங்' என்றது.

மறுபடியும் தட்டினான். சமையலறையில் மறுபடியும் 'டிங்'.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் மெசேஜ். விடாம அனுப்பிகிட்டே இருக்கார்" என்றபடி காந்தா வெளியே வந்தாள். அச்சகக்காரர் அனுப்புவதெல்லாம் டாணென்று வந்து சேருகிறது, தங்கள் கம்பெனி அனுப்புவது மட்டும் வரமாட்டேன் என்கிறதே என்று தனசேகர் நொந்துகொண்டான். மனசு தாங்காமல், புத்தகம் இதுவரை யாருக்குமே திறக்கவில்லை என்ற உண்மையை அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டான்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்" என்றாள் காந்தா. "அது திறக்காட்டி இப்ப என்ன? அவர் சந்தோஷமாத்தானே இருக்கார்."

யூசரின் உண்மையான திருப்தி என்றால் என்ன என்று தனசேகர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நீங்க சரி பண்ணிட்டா எல்லாருக்கும் திறந்துடுமா?"

"எல்லாருக்கும் திறக்கும் மேடம். அதுக்கு நான் பொறுப்பு."

அவன் பாதிதான் குடித்திருந்தான். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்தும் பலனில்லை என்று ஆனதும் தனசேகருக்கு ஒரு யோசனை உதித்தது. உரிமையாளர் ஒரு நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டால் என்ன? யூசர் கருத்தின் அடிப்படையில் செய்த முன்னேற்றம் என்று வினிதா அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். புதிய திண்டுக்கல் வெளியானது. மறுநாளே உறவுக் கூட்டம் மொத்தத்துக்கும் புத்தகம் திறந்துவிட்டது. ஒருமுறை திறந்தவர்கள் இரண்டாம் முறையும் திறந்தார்கள். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். தனசேகர் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான்.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் சுப்பராயலுவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உங்க அப்டேட்டுல ஏதோ கோளாறு."

"திறக்கலையா சார்?"

"திறக்குது. ஆனா பழைய மாதிரி இல்ல. போன வாரம் வரைக்கும் படிச்சவங்க எல்லாம் அருமைன்னாங்க. இப்ப படிக்கிறவன் எல்லாம் திட்டுறான். என் எழுத்து நடையவே கெடுத்துட்டீங்க."

மறுநாள் வினிதா கேமராவோடும் தனசேகர் கலக்கத்தோடும் போய் இறங்கியபோது, கூடத்தின் நடுவில் தசரதன் போனும் கையுமாக நின்றிருந்தார். ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு 'என் மைத்துனனின் தலைமுடி'. கோவளத்துக் கடற்கரையில் அடித்த காற்றில் அது பறந்துபோனதையும், மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைத் துரத்திப் பிடித்துக் கொடுத்ததையும் ஒரு நேர்மையாளன் எப்படி எழுதுவானோ அப்படி எழுதியிருந்தார் சுப்பராயலு. வினிதாவின் பார்வை தன்னையறியாமல் தசரதனின் தலைக்குப் போனது. தசரதன் அதைக் கவனித்துவிட்டார்.

"பாருங்க மாமா. வந்தவங்க எல்லாம் இப்ப என் தலையைத்தான் பார்க்கிறாங்க. பத்திரிகை அடிச்ச வரைக்கும் போதும். இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்து வராது."

"கண் கலங்கினேன்னு எழுதினியே தசரதா" என்றார் சுப்பராயலு.

உள்ளே அறையில் ஸ்ரீவித்யா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்திலும் தனசேகர் தொழிலை விடவில்லை. திண்டுக்கல்லைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை மட்டும் சொன்னால் போதும் என்று சுப்பராயலுவிடம் கெஞ்சினான். அவர் இரண்டு கையையும் கூப்பி, போய்ட்டு வாங்க தம்பி என்றார். வினிதா கேமராவை மடக்கிப் பைக்குள் வைத்தாள். வேலை போய்விட்டது என்பது தனசேகருக்கு அந்த மடக்கலிலேயே புரிந்தது. வெண்ணிலாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காந்தா தம்பியை உட்காரவைத்து, கையில் காபியைத் திணித்து, அக்கா முகத்தைப் பார்த்தாவது யோசி என்று ஏதோ மெதுவாகச் சொன்னாள். தசரதன் முறைத்துக்கொண்டே குடித்தார். பிறகு விருந்தாளிகளை வழியனுப்ப அவள் வாசல்வரை வந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே தனசேகர் புலம்பினான். "நான் என்ன தப்பு பண்ணேன்னே புரியல மேடம். யூசரைக் கேட்டு, யூசர் சொன்னபடியேதான் ஒவ்வொண்ணா சரி பண்ணேன்."

பழக்க தோஷத்தில் அவன் விரல் போனில் இருந்த புத்தகத்தைத் தட்டியது. காந்தாவின் கையில் இருந்த போன் 'டிங்' என்றது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"ஸ்ரீவித்யா கல்யாணம் முடியற வரைக்கும் இவர் எழுதினதை ஒருத்தரும் படிச்சுடக் கூடாதுன்னு அந்தப் பூட்டை வாங்கினதே நான்தான் தம்பி; இத்தனை நாள் வந்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"