கேட்டை நட்சத்திரத்துக்கு ஐந்து வெள்ளி

"நட்சத்திரம்?" என்று குருக்கள் கேட்டார்.

சிவசுப்பிரமணியன் முழித்தார். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. நட்சத்திரம்தான் இல்லை.

"பேரு இலோனாங்க சாமி. நட்சத்திரம் தெரியலீங்களே."

"நட்சத்திரம் இல்லாம அர்ச்சனை பண்றது, விலாசம் இல்லாம தபால் போடற மாதிரி. சுவாமி அதை யார்கிட்டன்னு கொண்டுபோய்ச் சேர்ப்பார்? தெரிஞ்சுண்டு வாங்கோ. பின்னாடி எல்லாரும் நிக்கறா, நகருங்கோ."

சிவசுப்பிரமணியன் அரியலூர் ரயில் நிலையத்தில் கூட்ஸ் கிளார்க். லேபிள் இல்லாத மூட்டை என்ன கதியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகர்ந்தார்.

இந்த இலோனா யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பிறகு ஊரே அதைத்தான் கேட்டது.

இலோனா, ஐரோப்பாவில் ஏதோ ஒரு தேசத்துப் பெண். அந்தத் தேசத்தின் பெயரைச் சிவசுப்பிரமணியன் மூன்று நாள் மூன்று விதமாகச் சொல்வார். காலில் கத்தி வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பனித்தரையில் பம்பரமாகச் சுழலும் வித்தையில் அவள் சாம்பியன். யுத்தத்தில் நின்றுபோன போட்டிகள் மறுபடி தொடங்கியிருந்த நாற்பத்தேழாம் வருஷம் அது. தை மாதம், வியாழக்கிழமைப் பாசஞ்சரில் வந்த வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் இலோனா. கீழே, அவளை எதிர்த்து ஆடப்போகும் மார்த்தா என்பவள், தபால்தலை அளவில். மாசி இரண்டாம் ஞாயிறு போட்டி. பயிற்சியில் இலோனாவுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது, பட்டம் நிலைக்குமா என்பது சந்தேகம் என்று கட்டுரை முடிந்திருந்தது. அதைப் படித்த அன்று சிவசுப்பிரமணியனுக்குச் சோறு இறங்கவில்லை.

அரியலூரில் பனிக்கட்டி என்றால், பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து மரத்தூளும் சாக்குமாக வந்து இறங்குமே, அந்தப் பாளம்தான். ரசீது போடுவதற்குள் கால்வாசி கரைந்துவிடும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் சிவசுப்பிரமணியன் அதன்மேல் ஏறி, இலோனா மாதிரி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். போர்ட்டர் தர்மன் ஓடிவந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று. இடுப்பில் மூன்று நாள் விளக்கெண்ணெய் தேய்த்தும் வலி போகவில்லை. பக்தி மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

வீட்டில் மனைவி ஜெகதாம்பாள் பத்திரிகையில் தொடர்கதை படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, இலோனாவை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, ரயில்வே பாஸ் வைக்கும் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

கோயிலிலிருந்து நேராகக் கடைவீதி ஜோசியரிடம் போனார். பிறந்த தேதி பத்திரிகையிலேயே இருந்தது.

"பொறந்தது எந்த ஊருங்க?" என்றார் ஜோசியர்.

"ஐரோப்பாங்க."

"அங்க சூரியன் எப்ப உதிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கணக்குப் போட முடியும்?"

"குளிர்காலத்துல சரியா உதிக்கறதே இல்லையாமுங்க."

ஜோசியர் யோசித்தார். "அப்ப நம்ம அரியலூர் சூரியனையே வச்சுக்குவோம்" என்று பென்சிலை எடுத்தார்.

கட்டம் போட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது. "கேட்டை நட்சத்திரம். கேட்டை கோட்டை கட்டி ஆளும்பாங்க. ஆனா இப்ப எட்டாம் இடத்துல சனி. ஜாதகிக்கு இந்த வருசம் சறுக்கல் ஜாஸ்தி."

"சறுக்கினாத்தானுங்க ஜெயிக்கவே முடியும்!"

ஜோசியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா விழாம சறுக்கணும்னு வேண்டிக்குங்க. அஞ்சு வெள்ளிக்கிழமை, விடாம அர்ச்சனை. ஒரு வெள்ளி தப்பினாலும் பலன் கிடையாது, சொல்லிட்டேன்."

போட்டிக்கு முன்னால் சரியாக ஐந்து வெள்ளிதான் பாக்கி. இன்று முதல் வெள்ளி. சிவசுப்பிரமணியன் ஓட்டமாக ஓடி, நடை சாத்துவதற்குள் கோயிலில் போய் நின்றார்.

"இலோனா, கேட்டை நட்சத்திரம்" என்றார் மூச்சு வாங்க.

"உங்களுக்கு என்ன வேணும் அவா?"

இங்கேதான் மனுஷர் கோட்டைவிட்டார். தங்கை என்று சொல்லியிருக்கலாம், ஒன்றுவிட்ட அக்கா என்றும் சொல்லியிருக்கலாம். சாமி சன்னிதியில் பொய் சொல்லக் கூசி, "வேண்டியவங்க" என்று சொல்லிவிட்டார்.

குருக்களுக்கு வெண்கலக் குரல். அவர் "இலோனா நாமதேயஸ்ய" என்று எடுத்தது கோபுர வாசல்வரை கேட்டது. அங்கே பூக்கூடையோடு குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். குஞ்சம்மாள் காதில் விழுந்த சேதிக்குத் தந்தி ஆபீஸ் தேவையில்லை.

வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை. ரசத்தில் இரண்டுக்கும் சேர்த்து இருந்தது.

"யாருங்க அந்தக் கேட்டை?" என்றாள் ஜெகதாம்பாள்.

"ஐயோ ஜெகதா, நீ நினைக்கற மாதிரி இல்ல. அது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு."

"வெள்ளைக்காரியா!" என்று அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

படத்தைக் காட்டினால் புரிந்துகொள்வாள் என்று சிவசுப்பிரமணியன் பாஸ் உறையைப் பிரித்தார். அதைவிடப் பாம்புப் புற்றில் கை விட்டிருக்கலாம்.

"பொண்டாட்டி படத்தை என்னிக்காவது சட்டைப் பையில வச்சிருக்கீங்களா? இவ பாவாடை முட்டிக்கு மேல நிக்குது. அர்ச்சனை எதுக்கு? முதல்ல ஒரு சேலை வாங்கி அனுப்புங்க."

"அது ஆட்டத்துக்குன்னு போடற உடுப்பு ஜெகதா. உலகத்துலயே இவ மாதிரி..."

"ஆமா, உலகம்! கணுக்கால் சுளுக்குன்னா ஒத்தடம் குடுத்துட்டுப் போறா. அவளுக்கு எம்புருசன் எதுக்குத் தேங்காய் உடைக்கணும்?"

அவர் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார்.

இரண்டாவது வெள்ளிக்கு ஒரு யோசனை செய்தார். அரியலூரில்தானே ஆயிரம் கண்கள்? திருமழபாடியில் யாருக்கு அவரைத் தெரியும்? சிவன் எங்கே இருந்தாலும் சிவன்தான். லீவு போட்டுவிட்டு, மேலதிகாரி வருகிறார் என்று வீட்டில் ஒரு புளுகு புளுகிவிட்டு, திருமானூர்வரை பஸ், அப்புறம் மாட்டுவண்டி என்று கொள்ளிடக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கணுக்காலைக் குணப்படுத்தச் சொல்லி உருகிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"மாப்ளே! நீங்க எங்க இங்க?"

ஜெகதாம்பாளின் சின்னம்மா, திருமானூர் கொளஞ்சியம்மாள்!

"ஜெகதா பேருக்கு ஒரு அர்ச்சனை, அத்தை" என்றார்.

"நல்லாருங்க, நல்லாருங்க! பொண்டாட்டிக்காக இம்புட்டு தூரம் யாரு வருவா?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "இலோனா, கேட்டை நட்சத்திரம் யாருங்கோ? பிரசாதம் வாங்கிக்குங்கோ!"

சிவசுப்பிரமணியன் கை நீட்டிவிட்டார். நீட்டாமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷம்.

"எங்க ஜெகதா ரோகிணியாச்சே!" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அது வந்துங்க அத்தை... பொறந்தப்ப கணிச்சவரு தப்பாக் கணிச்சு..."

"அவ பொறந்தப்ப வாங்கித் தொட்டில்ல போட்டவளே நான்தான் மாப்ளே!"

மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் மாமனார் அய்யம்பெருமாள் குரும்பலூரிலிருந்து கிளம்பி, பெரம்பலூரில் பஸ் பிடித்து வந்து இறங்கினார். கூட இரண்டு பெரியவர்கள். பெண் வீட்டார் மூன்று பேராக வந்தால் அது விருந்துக்கு வருவதில்லை. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காப்பி வேண்டாம் என்றார்கள்.

"மாப்ளே, ஒளிவுமறைவு வேணாம்" என்றார் அய்யம்பெருமாள். "அந்தக் கேட்டை நட்சத்திரத்தை எங்க குடி வச்சிருக்கீங்க?"

"மாமா, அந்தப் பொண்ணு ஐரோப்பாவுல இருக்கு. நான் நேர்ல பாத்ததே கிடையாது!"

"பாக்காத பொம்பளைக்குத் திருமழபாடிவரைக்கும் போய் அர்ச்சனையா? எங்க காதுல பூ சுத்தாதீங்க."

"வேணும்னா போர்ட்டர் தர்மனைக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

தர்மனை அழைத்துவந்தார்கள். நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாது.

"சத்தியமா சாருகிட்ட ஒரு தப்பும் கிடையாதுங்க" என்று ஆரம்பித்தார் தர்மன். "அந்தம்மா படத்தைத் தினமும் ரெண்டு வேளை எடுத்துப் பாப்பாரு. கண்ணுல தண்ணி விடுவாரு. கால் எப்படி இருக்கோன்னு புலம்புவாரு. அவ்வளவுதாங்க."

அவ்வளவு போதாதா? பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் மூணே மூணு வெள்ளிதான் மாமா! அது முடிஞ்சா நான் கோயில் பக்கமே போக மாட்டேன்!" என்று சிவசுப்பிரமணியன் கெஞ்சினார்.

"கேட்டீங்களா அநியாயத்தை! இன்னும் மூணு வெள்ளியாம்!" என்று துள்ளினார் அய்யம்பெருமாள். "ஜெகதா, பெட்டியைக் கட்டு. கிளம்பு குரும்பலூருக்கு."

அதுவரை கதவோரம் நின்றிருந்த ஜெகதாம்பாள் முன்னால் வந்தாள்.

"குடும்பத்தை எதுக்குப்பா பிரிக்கணும்? அவரு சத்தியம் பண்ணட்டும். அந்தப் பொண்ணு பேருக்குத் தானும் அர்ச்சனை பண்ணக் கூடாது, ஆள் வச்சும் பண்ணக் கூடாது. உள்ளூர்லயும் கூடாது, வெளியூர்லயும் கூடாது."

"ஆயுசு பூராவும்னு சொல்லு" என்றார் ஒரு பெரியவர்.

"அவ்வளவெல்லாம் வேணாங்க. மாசி முடியற வரைக்கும் போதும். அப்புறம் அவரு இஷ்டம்."

என்ன பெருந்தன்மை! சிவசுப்பிரமணியனுக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கியது. ஆனால் மாசிக்குள்தானே போட்டி? இலோனாவா, சம்சாரமா? சத்தியத்துக்காகத் தட்டில் ஏற்றிவைத்த கற்பூரத்தைப் பார்த்தார். மாமனாரின் மீசையைப் பார்த்தார். கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். கை சுட்டது. மனசு அதைவிடச் சுட்டது.

அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளை அவர் எப்படிக் கழித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். வெங்காய மூட்டைக்குப் போட வேண்டிய ரசீதைப் பருத்தி மூட்டைக்குப் போட்டார். ஐரோப்பாவில் ஒரு பெண் சுளுக்கிய காலோடு நிற்கிறாள், அவளுக்கென்று சாமியிடம் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து நினைத்து மருகினார்.

ஜெகதாம்பாள்தான், முந்தின இரண்டு வெள்ளியைப் போலவே, இந்த மூன்றிலும் தவறாமல் தட்டும் கையுமாகக் கோயிலுக்குப் போய்வந்தாள். திரும்பிவந்து அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. 'இப்படிப்பட்டவளைப் போய் அழவிட்டேனே' என்று சிவசுப்பிரமணியன் தன்னையே திட்டிக்கொண்டார்.

போட்டி மாசியில் நடந்தாலும் சேதி ஊர் வந்து சேரப் பங்குனி ஆகிவிட்டது. வியாழக்கிழமைப் பாசஞ்சரில் இறங்கிய பத்திரிகைக் கட்டைச் சிவசுப்பிரமணியன் பிரித்தார். அட்டையிலேயே படம் இருந்தது. பூங்கொத்தும் சிரிப்புமாக மார்த்தா! இலோனாவின் படம் எங்குமே இல்லை. கடைசிச் சுழற்சியில் கால் சறுக்கி விழுந்தாள், இரண்டாம் இடம்தான் கிடைத்தது என்று ஒரே ஒரு வரி இருந்தது.

கட்டைத் தர்மனிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம்வரை கூட்ஸ் ஷெட்டில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். 'நான்தான் அவளைக் கைவிட்டுட்டேன்' என்று வாய்விட்டே சொன்னார். தர்மன் டீ வாங்கிவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

வீட்டுக்குள் நுழையும்போதே நெய் வாசனை வந்தது. ரேஷன் சர்க்கரை முழுவதையும் கொட்டி ஜெகதாம்பாள் கேசரி கிளறியிருந்தாள்.

"முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? அந்தப் பொண்ணு தோத்துப் போச்சா?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா? விடுங்க. ஆட்டம்னா ஒருத்தர் ஜெயிக்கணும், ஒருத்தர் தோக்கணும். இந்தாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

சிவசுப்பிரமணியன் கேசரியைப் பார்த்தார். தன் துக்கம் ஆற வேண்டும் என்று கேசரி கிளறியிருக்கிறாள்! "ஜெகதா, போன ஜென்மத்துல நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் வாசலில் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, உள்ளே ஐயா இருப்பது தெரியாமல், குஞ்சம்மாள் உரக்கக் குரல் கொடுத்தாள்:

"ஜெகதாம்மா! உங்க மார்த்தா, ரேவதி நட்சத்திரம், ஜெயிச்சிருச்சாமே! அஞ்சு வெள்ளி அர்ச்சனையும் சத்தியம் வாங்கி ஐயா வாயைக் கட்டினதும் சரி, நேர்ந்துகிட்ட நூத்தியெட்டுத் தேங்காய எப்ப உடைக்கப் போறீங்கன்னு குருக்கள் கேட்டுட்டு வரச் சொன்னாரு!"