மூன்று மணி நாற்பது நிமிட அழகு

அழகு என்றால் என்ன என்று முப்பத்தோரு ஆண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியை, விடை தெரியாமலேயே நல்ல பெயர் எடுத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் அழகியல் துறை என்பது அவரும் பதினொரு மாணவர்களும் ஓர் அறையும்தான். அறைக்குத்தான் வினை வந்தது. பதிவாளருக்கு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்க இடம் போதவில்லை.

சுற்றறிக்கை வந்தது: "சென்ற ஆண்டில் தங்கள் துறை கண்டறிந்த அழகின் அளவை உரிய அலகில் தெரிவிக்கவும். தவறின் துறை மூடப்படும்."

"அழகை எப்படித் தம்பி அளக்கிறது?" என்று பதிவாளர் அலுவலக எழுத்தரிடம் கேட்டார்.

"அளக்க முடியலைன்னா அது இல்லைன்னு அர்த்தம், மேடம். வேதியியல்காரங்க லிட்டர் கணக்குல குடுத்துட்டாங்க. நீங்களும் ஏதாவது ஒரு நம்பர் போடுங்க. கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது."

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் பேராசிரியை மேசைமேல் ஓர் இலையை வைப்பார். மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசாமல் பார்க்கிறார்கள் என்று கவனிப்பார். நல்ல பொருள் முதலில் வாயை அடைக்கும் என்பது அவர் கட்சி. பதினொரு பேரின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாதே! மனசாட்சியைச் சற்று வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதினார்: 'இலை – நாற்பது மௌன விநாடி.'

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒரே மாதத்தில் மௌன விநாடி அரசாணை ஆயிற்று. பூங்கா ரோஜா பன்னிரண்டே விநாடி வாங்கியதால் தோட்டக்காரரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. நாகரிகமான வீடுகளில் விருந்தாளிக்கு சோபாவைக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"உங்க திரைச்சீலை எத்தனைங்க?"

"இருபத்தெட்டு."

"அடடா, எங்க ஃபிரிட்ஜே முப்பதாச்சே!"

ஆண்டு முடிவில் நாட்டின் தலைசிறந்த அழகு அறிவிக்கப்பட்டது: பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் எண் கவுண்ட்டர். அதன் முன்னால் மக்கள் சராசரியாக மூன்று மணி நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் நிற்கிறார்கள்.

பேராசிரியை பதிவாளரிடம் ஓடினார். "அழகைப் பார்த்தா நிக்கிறாங்க? வாயைத் திறந்தா மனுவைத் திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நிக்கிறாங்க!"

"காரணம் எழுதக் கட்டம் இல்லையேம்மா" என்றார் பதிவாளர், மிகவும் வருந்தி. "முறை உங்களுது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு முன்னெல்லாம் சொல்வாங்க. நீங்கதான் அதை அழகுக்கு மாத்தினீங்க. சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டா துறை இருக்கும். இல்லைன்னா, பாவம், நாற்காலியெல்லாம் மழையில நனையுது."

கையெழுத்துப் போட்டார்.

பரிசளிப்பு விழாவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தக் கவுண்ட்டரில் கால் கடுக்க நின்றவர்கள்தான் எல்லோரும். பதிவாளர் சான்றிதழை வாசித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று முறைப்படி கேட்டார்.

பின்வரிசையில் பேராசிரியையின் மாணவி ஒருத்தி எழப்போனாள். பேராசிரியை அவளைக் கண்ணாலேயே உட்காரவைத்தார்.

எழுத்தர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.