விமானத்துக்கு மண்டகப்படி

தலத்தெரு, காரைக்கால்
ஆவணி 6

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை கார்த்திகேசன் அவர்களுக்கு,

தலத்தெருவிலிருந்து மாமனார் சோமசேகரன் எழுதுவது. பெங்களூரில் நீங்களும், ஏழாம் மாதத்தில் அடியெடுத்து வைத்திருக்கும் என் மகள் தேவிகாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உங்கள் மாமியார் ராஜத்துக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்கு என்ன என்பதைத்தான் கீழே எழுதப் போகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போதெல்லாம் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "என்னங்க மாமா, உங்க ஊரு ப்ளைட்டு இன்னும் ஓடுதா, நின்னுட்டுதா? பேசாம பஸ்ஸுல கூட்டியாந்துடட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆவணி 28 வளைகாப்பு. அதை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று திருவாரூரிலிருந்து சம்பந்தியம்மாள் பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டார்கள். பிரயாணத்துக்கு 26ஆம் தேதிதான் நல்ல நாள் என்று ஜோசியரும் குறித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நீங்களும் தேவிகாவும் விமானத்தில்தான் வர வேண்டும். பஸ் என்ற பேச்சே வேண்டாம். போன வருடம் பொங்கலுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கிய நான்காம் நாள் நடந்ததை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. பிரயாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். ராஜம் அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அதனால்தான் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டிய வயதில் ஒரு விமான நிலையத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நம் விமான நிலையத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடிக் கதவு, நாற்பது நாற்காலி, பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் சுற்றுகிற ரப்பர் பட்டை, எல்லாம் இருக்கிறது. இருப்பது ஒரே விமானம். அதற்குப் பத்தொன்பது இருக்கை. வாரத்தில் நான்கு நாள் காலையில் பெங்களூர் போகும், மாலையில் திரும்பி வரும். வைகாசி மாதம் வரை அதில் நான்கு பேர் போனால் அதிகம். அந்த நால்வரில் ஒருவர் ஏன் ஆள் வருவதில்லை என்று விசாரிக்க வந்த கம்பெனி அதிகாரி. அவர் விசாரித்துவிட்டுப் போய் ஓலை அனுப்பினார்: ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மூன்று மாதமும் போகிற நடை, வருகிற நடை இரண்டிலும் சராசரியாகப் பதினான்கு பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கணக்கு தேறாது என்று பாதியிலேயே தெரிந்தாலும் உடனே நிறுத்திவிடுவார்களாம். நிலைய மேலாளர் அம்பலவாணன் அந்த ஓலையை எடுத்துக்கொண்டு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, "ஆளு இல்லாம நான் என்னங்க பண்றது? நாற்காலிய ஏத்தி அனுப்பவா?" என்று கண் கலங்கினார். பாவம், அவருக்கும் இரண்டு பெண்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டேன். "கோயில் திருவிழா பத்து நாளும் எப்படி நடக்குது? ஒரு நாளைக்கு ஒரு தெரு மண்டகப்படி எடுத்துக்கலையா? அதே மாதிரி ப்ளைட்டுக்கும் ஒரு நாளைக்கு ஒரு தெரு, ஒரு ஊர்னு எடுத்துக்கிட்டா என்ன? அவங்கவங்க நாள்ல அவங்கவங்க பத்தொன்பது பேரை ஏத்தணும்" என்றேன். மண்டபம் கைதட்டியது. அன்றிலிருந்து நான் மண்டகப்படி கமிட்டித் தலைவர். டிக்கெட் கடை வைத்திருக்கும் ஹமீது, தெருப் பெயர்களையெல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எந்த நாள் யாருக்கு என்று முடிவு செய்தார். மூன்று மாதத்துக்கும் அப்போதே டிக்கெட் போட்டாகிவிட்டது. நம் தலத்தெருப் பட்டியலைக் கொடுக்கும்போது, தலைவர் பெயர் இல்லாமல் பட்டியலா என்று கேட்டார்கள். மரியாதைக்காக என் பெயரையும் ராஜத்தின் பெயரையும் முதலில் எழுதிக் கொடுத்தேன். நம் தெருவின் நாள் செப்டம்பர் பதினொன்று என்று டிக்கெட்டில் அச்சடித்து வந்தது. அது கிடக்கிறது எங்கோ கடைசியில் என்று பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன். நான் ஏறப் பயப்படுகிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். மேற்பார்வைக்குத் தரையில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் மண்டபத்தூர் மண்டகப்படி. மண்டகப்படி என்று நான் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாதஸ்வரம், மேளம், குடை, தாம்பாளத்தில் பழம், பரிவட்டம், கற்பூரம், தீப்பெட்டி, தேங்காய் சீவ ஓர் அரிவாள். அரிவாளைக் கண்டதும் பாதுகாப்புக்காரர்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் விசில் ஊதினார்கள். மேளக்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார். அது அடங்கியதும், முதல் மரியாதை யாருக்கு, படியில் முதலில் யார் ஏறுவது என்று பங்காளிகளுக்குள் தகராறு. ஐம்பது நிமிடம் விமானம் நின்றது. கடைசியில் அம்பலவாணன்தான், "வண்டி ஓட்டுறவங்களுக்குத்தாங்க முதல் மரியாதை" என்று சொல்லிப் பரிவட்டத்தை விமானி அம்மாவுக்குக் கட்டிவிட்டார். அந்த அம்மா வடக்கத்திக்காரர். எந்த ஊரிலும் இப்படி நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மாலையும் பரிவட்டமுமாகவே ஏறிப் போய் ஓட்டினார்.

போனது பத்தொன்பது பேர். மாலையில் திரும்பியது இரண்டு பேர். மற்றவர்கள் எங்கே என்றால், பெங்களூர் வரை போய்விட்டு மச்சான் வீட்டுக்குப் போகாமல் வந்தால் நன்றாகவா இருக்கும் என்று தங்கிவிட்டு, மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்தார்கள். இப்படியே ஏழு மண்டகப்படி. போகிற விமானம் நிறைந்து போகும், வருகிற விமானம் காற்றை ஏற்றிக்கொண்டு வரும். சாமி புறப்பாடு போனால் கோயிலுக்குத் திரும்ப வேண்டாமா என்று நான் தெருத்தெருவாகப் போய்க் கத்திய பிறகுதான், போனவர்கள் அன்று மாலையே திரும்ப வேண்டும் என்று கமிட்டியில் சட்டம் போட்டோம். இப்போது எல்லோரும் பெங்களூர் விமான நிலையத்து வாசலிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நடையில் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர் போலீஸ்காரர் ஒருவர், தினமும் பத்தொன்பது பேர் வந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போவது எந்தக் கட்சியின் போராட்டம் என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் காரைக்கால்மேடு. பஞ்சாயத்தார் நாகராஜ் சொன்ன சொல் தவறாதவர். சரியாகப் பத்தொன்பது பேரோடு வந்து நின்றார். அத்தனை பேரும் கடலில் வலை இழுக்கிறவர்கள். விமானம் சின்னது என்பதால் ஆளையும் எடை போடுவார்கள். போட்டுப் பார்த்துவிட்டு, பதினைந்து பேருக்கு மேல் தாங்காது என்றார்கள். "படகுல முப்பது பேரு போறோம், கடலே தாங்குது, இது தாங்காதா?" என்று நாகராஜ் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏறிய பதினைந்து பேரில் ஒருவர் மடியில் கருவாட்டுப் பொட்டலம். அந்த வாசனை விமானத்தை விட்டு இறங்க நான்கு நாளானது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். மாங்கனித் திருவிழா அன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. செய்தது வேறு யாராவது என்றால் கமிட்டியைக் கூட்டி அபராதம் போட்டிருப்பேன். செய்தது ராஜம். தேவிகாவுக்கு இந்தப் பிள்ளை நல்லபடியாக நிலைக்க வேண்டும் என்று ஒரு கூடை மாம்பழம் இறைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சாமி வரும்போது மாடியிலிருந்து இறைத்தாள். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். "அவள சுமந்துக்கிட்டு வரப்போறது அந்த ப்ளைட்டுதானே, அதுக்கும் ஒரு கூடை" என்று ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்குப் போய், வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மாடியில் ஏறி, படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இறைத்துவிட்டாள். பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை வரம் என்று நம்புகிற நம் ஊர் ஜனங்கள் மாங்கனி அன்று மாம்பழம் விழுந்தால் சும்மா இருப்பார்களா? படியில் பாதி ஏறியவர்கள் இறங்கி ஓடினார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். இறக்கைக்கு அடியில் ஒரு கூட்டம், சக்கரத்துக்கு அடியில் ஒரு கூட்டம். நசுங்கிய பழத்துக்குக் காக்கை வந்தது, காக்கையைத் துரத்த நாய் வந்தது. காக்கை இருந்தால் பறக்கக் கூடாதாம். இரண்டு நடையும் ரத்து. அன்றைய சராசரி பூஜ்யம். விமானி அம்மா மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தப் பழத்தை எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று கேட்டறிந்து, தன் காலடியில் விழுந்ததைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் என்று கேள்வி.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டார்கள். இருந்தாலும் மாப்பிள்ளை, நேற்று மாலை அம்பலவாணன் வீட்டுக்கே வந்து சொன்னார்: சராசரி பதிமூன்றரைக்கு வந்துவிட்டது, இனி எல்லா நாளும் எல்லா இருக்கையும் நிறைந்தால் பதினான்கைத் தாண்டிவிடும், விமானம் நிற்காது. ஆகவே நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் ஆவணி 26 மாலை விமானத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் இந்தக் குடும்பத்து ஆள் யாரும் இனி ஏறக் கூடாது என்பது என் முடிவு. இதில் மாற்றம் கிடையாது.

தேவிகாவை மாடிப்படி ஏற விடாதீர்கள். இரவில் பால் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும், வரப்போகிறவருக்கும் தீர்க்காயுசும் நிறைந்த செல்வமும் காரைக்கால் அம்மையார் அருளால் கிடைக்கட்டும். ராஜம் தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொன்னாள், எழுதியாயிற்று.

இப்படிக்கு, உங்கள் நலமே தன் நலமாகக் கொண்ட மாமனார்,
சோமசேகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் தேவிகா போன் பண்ணிவிட்டாள். "அப்பா, இருபத்தாறாம் தேதி ஒரு சீட்டுகூட இல்லப்பா. முன்னாடி பின்னாடி எந்த நாளும் இல்ல. இந்த ஊருக்கு யாருப்பா இப்படி அலைமோதிக்கிட்டு வர்றாங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன். ஹமீது கடைக்கு ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தட்டுத் தட்டுவது போலப் பார்த்தார். "அண்ணே, ஆவணி இருபத்தாறுதாண்ணே செப்டம்பர் பதினொண்ணு. அன்னிக்கு உங்க தெரு மண்டகப்படி. போறதும் வர்றதும் ஃபுல்லு. மொதல் பேரே உங்க பேருதாண்ணே." பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். ஆவணி 26 அச்சடித்திருந்த பக்கத்துக்குள்தான் அந்த டிக்கெட் கிடந்தது. முப்பத்தோரு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்குக் கமிட்டி வைத்து, தலைவரும் ஆகி, கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் பஸ்ஸைப் பற்றியதை அடித்துவிட்டுப் படிக்கவும். டிக்கெட்டைப் பெயர் மாற்ற முடியாதாம். நானும் ராஜமும் திரும்பி வருவதற்கான இரண்டு டிக்கெட்டையும் ஹமீது ஒரு கையால் ரத்து செய்து, அதே மூச்சில் மறு கையால் உங்கள் இருவர் பெயரில் போட்டுவிட்டார். பத்தொன்பது குறையவில்லை; சராசரிக்குப் பங்கமில்லை. 26 காலை நாங்கள் விமானத்தில் வந்து இறங்குகிறோம். ஆமாம், நானும்தான். கண்ணை மூடிக்கொண்டு வருவேன். உங்களை மாலையில் ஏற்றிவிட்டு, நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொள்கிறோம். புளிசாதம் கொண்டுவருகிறோம், எங்களுக்காகச் சமைக்க வேண்டாம்.

ராஜத்தின் இடுப்பு அத்தனை நேரம் பஸ்ஸில் தாங்காதே என்று சொல்லிப் பார்த்தேன். "எம் பொண்ணு அலுங்காம வந்து சேருறான்னா நான் கட்டை வண்டியிலகூட வருவேன். நீங்கதான் மண்டகப்படிக்காரரு, மொதல் மரியாதை உங்களுக்குத்தான். பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு உங்களுக்கு" என்கிறாள். ஹமீது இப்போதுதான் அந்த டிக்கெட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி வரிசை.