தீப்பிடிக்காத பட்டறை

அன்புள்ள மாப்பிள்ளை செந்தூர்பாண்டிக்கு, தாயில்பட்டியிலிருந்து அத்தான் லட்சுமிகாந்தம் எழுதுவது. நானும் உன் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. கோயம்புத்தூரில் நீங்களாவது நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன், அவன் இந்தப் பக்கம் வந்தால்.

போன மாத மழையில் ஓடை உடைத்துக்கொண்டு நம் பட்டறைக்குள் புகுந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய ஒரு லோடு அட்டைப்பெட்டி அப்படியே ஊறிக் கூழாகிவிட்டது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாகப் போனேன். அங்கிருந்த தம்பி பாலிசியைப் படித்துவிட்டு, "இது தீ விபத்துக்கு மட்டும்தான் சார். எரிஞ்சிருந்தா குடுத்திருக்கலாம்" என்றார். கொட்டுகிற மழையில் எப்படியப்பா எரியும் என்றேன். "அதான் சார் எங்களுக்கும் வருத்தமா இருக்கு" என்றார். சரி, அரசு நிவாரணம் கேட்போம் என்று மனுக் கொடுத்தால், சேதத்தைப் பார்க்க ஆள் வந்த அன்றைக்குச் சுள்ளென்று வெயில். அட்டையெல்லாம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. "நனைஞ்ச மாதிரி தெரியலையே" என்று கிளம்பிவிட்டார். பேங்கில் வெள்ளக் கடன் உண்டாம். ஆனால் தொழில் நடக்கிற பட்டறைக்குத்தானாம். நடந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

இதற்கு நடுவில், பெட்டி ஒட்டும் சொர்ணலட்சுமி வந்து, "அண்ணாச்சி, எங்க வீட்லயும் தண்ணிதான். பிள்ளைகளுக்கு எதை ஆக்கிப் போட?" என்று கேட்டாள். வேலைக்காரப் பெண்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி நிவாரண முகாமுக்குக் கூட்டிப் போனேன். தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவர்கள் என்பதால் அவர்கள் மனுவை வாங்கிக்கொண்டார்கள். நானும் வரிசையில் நின்றேன். மனு வாங்குகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு?"

"முதலாளி."

"அப்ப எதுக்கு இங்கன வந்து நிக்கீக?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை மாப்பிள்ளை, கால்தான் வலித்தது.

ஆகவே பட்டறையை மூடிவிட்டேன். இனி திறப்பதாக இல்லை. உன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது இருந்தால் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களாவது மாதச் சம்பளத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
லட்சுமிகாந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சொர்ணலட்சுமி மற்ற பெண்களோடு வந்தாள். மகளிர் குழுவுக்குக் கடன் கிடைத்துவிட்டதாம். பட்டறையை வாடகைக்கு எடுத்து அவர்களே நடத்தப் போகிறார்களாம். ஆர்டர் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம், அது நான்தானாம். எனவே ஜவுளிக்கடை வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. "எத்தனை மணிக்கு வரணும், முதலாளியம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். உன் அக்கா சிரித்துவிட்டாள். மழைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள். சொர்ணலட்சுமி சிரிக்கவில்லை.

"எட்டு மணிக்கு வந்துரணும். பிந்துனா அரைநாள் சம்பளம். நீங்க போட்ட சட்டம்தான அண்ணாச்சி?"