கண்ணாடிக்குள் ஒரு எறும்பு

படத்தின் கண்ணாடிக்குள் ஒரு எறும்பு நடந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து பார்த்தார். சந்தேகமேயில்லை, எறும்புதான். மனைவியின் முதல் ஓவியக் கண்காட்சி. மாலையில் திறப்பு. கடைசிச் சுவரில், கடைசிப் படத்தில், நட்டநடுவே அது சாவகாசமாக உலாத்தியது.

"விடுங்க சார். தியானப் படம்தானே? அதுவும் உள்ள போயி தியானம் பண்ணட்டும்" என்றார் அரங்கக் காவலாளி.

விட முடியுமா? சின்னக் கரும்புள்ளியைக் கண்டாலும் குடைந்து எடுத்த பிறகுதான் டாக்டருக்கு மூச்சே வரும். தொழில் அப்படி.

அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு வரைபவள். காலையில் சாப்பாட்டு மேசையில் தியானத்தில் அமர்வாள். முன்னால் மெல்லிய தாள். மேசையில் மை ஊறாமலிருக்க அதன் அடியில் ஒரு தடித்த தாள். கை போன போக்கில் தூரிகை போகும். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே இரண்டையும் சேர்த்து ஓர் உறைக்குள் தள்ளிவிடுவாள். தன் படத்தைத் தானும் பார்ப்பதில்லை. எல்லாரோடும் சேர்ந்து கண்காட்சியில்தான் பார்ப்பேன் என்று சபதம். உறைகள் அப்படியே சட்டம் போடும் கடைக்குப் போயின. சட்டம் போட்ட படங்கள் கடையிலிருந்து நேராக இங்கே வந்தன.

"ஒருத்தராவது என் படத்து முன்னாடி நின்னு மூச்சு விட மறக்கணுங்க. இல்லேன்னா தூரிகையைக் கழுவிக் கவுத்துடறேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைக்குட்டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பயந்தால் அப்படித்தான்.

படங்கள் மங்கலாக இருந்தன. கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டுப் போன மாதிரி. ஆன்மிகம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று டாக்டர் மனசைத் தேற்றிக்கொண்டார். அதில் எறும்பு வேறா?

சட்டத்தின் முதுகைக் கழற்றினார். எறும்பை இடுக்கியால் பிடித்தார். பாதி வந்தது. மீதி தாளில் ஒட்டிக்கொண்டது.

ஈரக் கைக்குட்டையால் ஒற்றினார். எறும்பு போய்விட்டது. பக்கத்திலிருந்த மை கிளம்பி வந்துவிட்டது.

"இப்ப நண்டு மாதிரி தெரியுது சார்."

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க."

"வழக்கமா திறங்கன்னுதானே சொல்வீங்க?"

கழிப்பறைச் சுவரில் கை காயவைக்கும் இயந்திரம் இருந்தது. தாளை அதன் வாயில் காட்டினார். அது உறுமிய உறுமலில் தாள் கையைவிட்டுப் பறந்து, கைகழுவும் தொட்டியில் மல்லாந்தது. கையை நீட்டினால் தானே திறக்கும் குழாய். எடுக்கக் கையை நீட்டினார்.

பிழிந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளிடம் என்ன சொல்வது? எறும்பு கடித்துவிட்டது என்றா?

"பின்னறையில அம்மாவோட தாளும் மையும் இருக்கு" என்றார் காவலாளி. மாலையில் எல்லார் முன்னாலும் ஒரு படம் வரைந்து காட்டுவதாக ஏற்பாடு. "கோடுதானே சார், இழுத்து விடுங்க."

டாக்டர் இழுத்தார்.

"எருமை நல்லா வந்திருக்கு."

"எருமை இல்லைய்யா, பிரபஞ்சம்."

"கொம்பு இருக்கே?"

பிரபஞ்சத்தை மடித்துப் பையில் திணித்தார்.

"கண்ணை மூடிக்கங்க சார். அம்மா அப்படித்தானே?"

மூடினார். முதலில் நாளைக்கு வரப்போகும் ஒரு கடைவாய்ப்பல் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல வீட்டின் காலை தெரிந்தது. அவள் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கரண்டிகூட சத்தம் போடாமல், நுனிக்காலில் தேநீர் போடுகிறார். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்காருகிறது. அதை அவர் தினமும் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். கை தானாக நகர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

அவர் வரைந்த தாள் சருகு போல மெல்லிசாக இருந்தது. சட்டத்தில் முன்பிருந்ததோ அட்டை மாதிரி இருந்தது. கடைக்காரர் பின்னால் எதையாவது ஒட்டியிருப்பார் என்று நினைத்து, மருந்துப்பெட்டி அட்டையைக் கிழித்து முட்டுக்கொடுத்து மாட்டினார்.

மாலையில் கூட்டம் வந்தது. டாக்டர் மை படிந்த கைகளைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்தார்.

"கையைக் கொடுங்க டாக்டர், வாழ்த்துக்கள்!"

"வேண்டாங்க, சளி."

"கையிலயா?"

கலை விமர்சகர் முதல் படத்தின் முன் நின்று, "மௌனம்" என்றார். அடுத்ததற்கு, "ஆழ்ந்த மௌனம்." அதற்கடுத்ததற்குக் கொட்டாவி விட்டார். மனைவியின் விரலில் கைக்குட்டை இறுகியது.

கடைசிப் படத்தின் முன் விமர்சகர் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வாய் திறந்தது, மூச்சு மட்டும் வெளியே வரவில்லை.

மனைவி கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, மத்ததையெல்லாம் பார்த்துத் தூரிகையைக் கவுத்துடலாம்னு நினைச்சேன். நானா இப்படித் துடைச்சுப் போட்டேன்னு இருந்துச்சு. இதைப் பார்த்ததும்தான் உசுரே வந்துச்சு."

"அப்படியா?"

"வரையறப்ப யார் மேலயோ அவ்வளவு பிரியமா இருந்திருக்கேன். யாருன்னுதான் ஞாபகமில்லை."

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. இனி மறைப்பது பாவம்.

"ஒண்ணு சொல்லணும்மா. திட்டக்கூடாது…"

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. சட்டம் போடும் கடைக்காரர் பெரிய சுருளை மார்போடு அணைத்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிச்சுடுங்கம்மா, மோசம் போயிட்டேன்! மேல இருந்த மெல்லிசுத் தாளை மை ஒத்தறதுக்குப் போட்டதுன்னு நினைச்சுட்டேன். உத்துக்கூடப் பார்க்கல. அதை எடுத்து ஓரமா வெச்சுட்டு, மை ஊறின அடித்தாளைச் சட்டம் போட்டுட்டேன். நிஜப் படமெல்லாம் இதோ இருக்கு!"

விமர்சகர் மூக்குக்கண்ணாடியை மெல்ல மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மௌனம், ஆழ்ந்த மௌனம்.

மனைவி சுருளை விரித்தாள். கறுப்புக் கோடுகள் தாளைவிட்டுத் துள்ளின. சுழன்றன, நழுவின, மேலே பறந்தன. கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவருக்கும் மூச்சு விடத் தோன்றவில்லை. அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு வெடித்துச் சிரித்தாள். அரங்கமே சேர்ந்து சிரித்தது. டாக்டர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, தப்பித்தோம்!

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசிச் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீங்க வரைஞ்சது ஒண்ணு விடாம என் கையில இருக்கு. அப்ப அங்க தொங்குற அந்த நிஜப் படம் யாரு வரைஞ்சது?"