தாமரையில் விழுந்த வருஷம்

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் திருவொற்றியூரில் என் கேமரா வெளிச்சம் படாமல் தாலி ஏறிய கழுத்து குறைவு. சொந்தக் கடை, சொந்த போர்டு, எல்லாம் நானாகக் கற்றுக்கொண்ட தொழில். அப்படிப்பட்டவனை ஒரு கம்ப்யூட்டர் மீனவக் குப்பத்தின் நடுவில் நிற்கவைத்த கதை இது. (நான் சொல்லாவிட்டால் என் மனைவி கஸ்தூரி சொல்லிவிடுவாள். அதில் காரம் கூடுதலாக இருக்கும்.)

கஸ்தூரியின் தம்பி முருகேசன் படகு வைத்திருக்கிறான். அவன் மகள் மலருக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் கல்யாணம். குப்பத்து ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பது அப்போதுதான். மாப்பிள்ளையின் அக்கா, ட்ரோன் வைத்திருக்கும் பசங்களைக் கூப்பிடலாம் என்றாள். நான் விடுவேனா?

"பருந்து பாக்குற மாரி மண்டைய மட்டும் புடிக்கிறதுக்குப் பேரு வீடியோவா? நம்ம வீடியோல தாமரை விரியும், உள்ளேர்ந்து பொண்ணும் மாப்ளையும் வருவாங்க. தடை முடியறதுக்கு மொத நாள் சாயங்காலம் குப்பத்துல திரை கட்டிப் போட்டுக் காட்றேன்!"

அதற்கு மறுநாள் மாப்பிள்ளை கடலுக்குப் போகவேண்டியவர். முருகேசன் என் காதோரம் வந்தான். "மாமா, சம்மந்தி வூட்டுக்கு முன்னால என் மானம் உன் கையிலதான் கீது."

கல்யாணம் முடிந்தது. அதே வாரம் உப்புக்காற்று தின்று என் பழைய கம்ப்யூட்டரும் முடிந்தது. புதிது வாங்கினேன். தாமரை விரியவைக்கும் சாப்ட்வேர் இருந்த சிடியை நுழைக்கப் பார்த்தால், அதற்கு வாயே இல்லை! விற்றவனுக்கு போன் போட்டேன்.

"இப்பல்லாம் சிடி போட மாட்டாங்க நைனா. புது சாப்ட்வேர் ஏத்திக்க."

"அதுல தாமரை கீதா?"

"தாமரைலாம் எவன் நைனா கேக்குறான்?"

போனை வைத்துவிட்டேன். சிடி ஓட்டும் பெட்டியைத் தனியாக வாங்கி, வயர் சொருகி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கச் சொல்லும் வசதி ஒன்று உள்ளே இருக்கிறது. அதையும் தேடிப் பிடித்து அழுத்தினேன். சாப்ட்வேர் ஏறியது. திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு வரி. பத்தாவது படித்த கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"டேட்டு முடிஞ்சி போச்சாம். உன்னிய மாரியே."

தேதி முடிந்துவிட்டதென்றால் தேதியைப் பின்னால் தள்ளினால் போயிற்று! சிடி வாங்கிய வருஷத்துக்கே கம்ப்யூட்டரைத் திருப்பினேன். சாப்ட்வேர் வாலாட்டிக்கொண்டு திறந்தது. (கம்ப்யூட்டரையே ஏமாற்றிய முதல் திருவொற்றியூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.)

வேலை முடிந்ததும் கஸ்தூரி, "ஒருவாட்டி போட்டுப் பாரேன்யா" என்றாள்.

"சமைச்சவன் ருசி பாப்பானா?"

"நான் பாப்பேன்."

நான் பார்க்கவில்லை.

குறித்த சாயங்காலம், குப்பமே ஐஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தது. தாமரை விரிந்தது. விசில் பறந்தது. மலரும் மாப்பிள்ளையும் சுழன்றபடி வெளியே வந்தார்கள். அவர்கள் காலடியில் திருமணத் தேதி பொன்னெழுத்தில் விழுந்தது. நாளும் மாதமும் நான் போட்டவை. வருஷத்தை மட்டும் அந்தச் சாப்ட்வேர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். போட்டிருந்தது, இருபது வருஷத்துக்கு முந்தியதை. அதுவும் ஒவ்வொரு காட்சிக்கும் தாமரையோடு திரும்பத் திரும்ப விழும்படி ஆசையாக வைத்திருந்தவன் நான்தான்.

விசில் நின்றது. மாப்பிள்ளையின் அக்கா எழுந்து நின்றாள்.

"ஏன் சம்மந்தி, உங்க பொண்ணுக்கு அப்ப பால் பல்லு எல்லாம் மொளச்சிச்சா?"

முருகேசன் முகம் வெளுத்தது. "மாமா, ஜெயிலுக்கு நீ போறியா, நான் போவட்டா?"

வயரைப் பிடுங்கப் பாய்ந்தேன். மாப்பிள்ளை குறுக்கே வந்து கையைப் பிடித்தார்.

"வுடு மாமா, ஓடட்டும். இருவது வருஷமா குடும்பம் நடத்திகினு கீறோம், ஒரு சண்டை உண்டா?"

குப்பம் வெடித்துச் சிரித்தது. அந்த அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முருகேசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீடியோவைத் திருத்தித் தருகிறேன் என்று இன்றுவரை கெஞ்சுகிறேன். மலர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அவள் குழந்தை இப்போதுதான் தவழ்கிறது. அதற்குள் குப்பத்தில், வீடியோ கணக்குப்படி இருபது வருஷம் ஆகிவிட்டதென்று வெள்ளி விழாவுக்குப் பேச்சு நடக்கிறது. பிரியாணி என் செலவாம். வீடியோ மட்டும் ட்ரோன் பசங்களாம்.

நான் விடுவேனா? தாமரை விரியவேண்டுமே என்று கம்ப்யூட்டரின் தேதியை இன்னும் மாற்றாமல்தான் வைத்திருக்கிறேன். அப்போதும் வருஷம் இருபது முந்தியதாகத்தான் விழும் என்று கஸ்தூரி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். என் வீடியோவில் வெள்ளி விழா கொண்டாடும்போது மலர் மூன்றாம் வகுப்புகூடத் தாண்டியிருக்க மாட்டாளாம்.