எழுந்ததும் படுத்துக்கொள்ளும் லேப்டாப்

உத்திரமேரூர்,
18.8.2008, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாமா கிருஷ்ணசாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் அக்கா மகன் ஸ்ரீராம்குமார் பணிந்து எழுதிக்கொண்டது. இங்கே மின்சாரம் நீங்கலாக எல்லோரும் சுகம். பார்வதி அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லி வைத்துவிடுவீர்கள். ஆகவே கடிதம். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படவும்.

நீங்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்பதால் உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்: எனக்கும் சுபாஷ்ரீக்கும் ஆவணியில் நடக்க வேண்டிய நிச்சயதார்த்தம் போன வாரம் பூராவும் ஒரு லேப்டாப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா நமச்சிவாயம் அவர்கள் நெசவாளர் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், அதுவரை உங்கள் விசாரணை சரி. ஓய்வு பெற்றபின் அவர் காந்தப் படுக்கை விற்கிறார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. மெத்தைக்குள் வரிசை வரிசையாகக் காந்தம் தைத்திருக்கிறது, அதில் படுத்தால் ரத்தம் ஒழுங்காக ஓடும், தூக்கம் தானாக வரும் என்பது அவர் கட்சி. வாங்குகிறவர் தனக்குக் கீழே ஒருவரைச் சேர்க்க வேண்டும், அவர் தனக்குக் கீழே இன்னொருவரை. இரண்டு வருஷமாக ராஜகுளம், ஐயங்கார்குளம் என்று ஊர் ஊராகப் போய் அவர் விற்றது மூன்று படுக்கை. அதில் ஒன்றை வாங்கியவர் அவரே. படுக்கையின் பெருமையைப் படம் போட்டுக் காட்டுவதற்காக, பெங்களூரில் இருக்கும் அவர் மகன் கொடுத்த லேப்டாப் அது.

பத்து நாள் முன்பு, மாப்பிள்ளையாகப் போகிறவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானே என்று அதை என்னிடம் கொடுத்து, ஒரு பார்வை பார்த்துத் தரச் சொன்னார். ஒரு கோளாறும் இல்லை. அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. நான் டிப்ளமோ படித்தவன் என்று காட்ட வேண்டாமா? ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் புது அப்டேட் வந்திருந்தது, அதைப் போட்டேன். இரண்டு பவர்கட்டுக்கு நடுவே அது ஏறி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அவர்கள் வீட்டில் வடை, பாயசம்.

மறுநாள் போன். ஐந்து நிமிஷம் கூட முழித்திருக்க மாட்டேன் என்கிறதாம். ஓடினேன். உண்மைதான். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, திரை வருகிறது, மூச்சு விடுவதற்குள் மறுபடியும் இருட்டு. கடைக்குத் தூக்கிவந்து மேஜையில் வைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன், தூங்கிற்று. அன்றைக்குக் காபி மட்டும். நான் சும்மா இருக்கவில்லை, மாமா. படம் காட்டும் டிரைவரை மாற்றினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், இங்கிலீஷ் குறிப்புகளையெல்லாம் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தேன், உலகத்தில் எத்தனையோ பேருக்கு இந்த அப்டேட்டுக்குப் பிறகு இதே தொல்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன், கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றி, புது அப்டேட்டையும் மறுபடி போட்டேன். கடையில் முழிக்கும். அவர் வீட்டில் தூங்கும். மூன்றாம் தடவை போனபோது சுபாஷ்ரீயின் அம்மா ஆண்டாளம்மாள் ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நமச்சிவாயம் அவர்கள் லேப்டாப்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நடுவில் இருக்கிற சுவரைப் பார்த்துப் பேசினார்.

“இன்னா நைனா, உன் கடைல முழிச்சிக்கினு கீது, எங்க வூட்டுக்கு வந்தா பட்துக்குது. ஒரு பொட்டிய எழுப்பத் தெரியல. எம்பொண்ண எப்படி வச்சிக் காப்பாத்துவ?”

பெட்டியை எழுப்புவதற்கும் பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். அவர், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம் வைத்திருக்கிறேன், அன்றைக்கு இது ஓடினால் நிச்சயத்தைப் பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் உன் மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். உங்களிடம் அவர் இதுவரை பேசவில்லை என்றால், அதற்குக் காரணம் நேற்று நடந்ததுதான்.

நேற்று மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர். மேடை நடுவில் கட்டில், கட்டில் மேல் காந்தப் படுக்கை. லேப்டாப்பை மேஜை மேல் வைக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. பொருளும் படமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஜனங்களுக்குப் பதியும் என்று படுக்கையின் மேலேயே வைத்துவிட்டார். திறந்தேன், திரை வந்தது, ‘அன்புடையீர்’ என்ற முதல் சொல்லைப் படிப்பதற்குள் போய்விட்டது. எழுப்பினேன், படுத்தது. எழுப்பினேன், படுத்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நமச்சிவாயம் அவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வை இல்லாத இடத்தையும் துடைத்தார். பெண்கள் பக்கத்தில் சுபாஷ்ரீ தலை நிமிரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்தச் சனியனைக் கடைக்கே தூக்கிப்போய் உடைக்கிறேன் என்று எடுத்தேன். கையில் எடுத்ததும் அது எழுந்துகொண்டது, மாமா. கீழே வைத்தேன், தூங்கியது. எடுத்தேன், எழுந்தது. கோயில் மணி அடிக்கிற மாதிரி ஏழெட்டுத் தடவை தூக்கித் தூக்கி வைத்திருப்பேன். கூட்டம் என்னை வேடிக்கை பார்த்தது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

லேப்டாப் மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு காந்தம் இருக்கும், அடிப்பாகத்தில் அதை உணர்கிற சில்லு, அதாவது சிப், இருக்கும். மூடினால் காந்தம் கிட்டே வரும். மூடிவிட்டார்கள் என்று மிஷின் தூங்கப்போகும். இங்கே மூடியே தேவையில்லை, படுக்கை பூராவும் காந்தம். வீட்டிலும் இதே கதைதான். மிஷின் சூடாகிறது, அதற்கும் ரத்த ஓட்டம் மாதிரி ஏதோ ஓட வேண்டும் என்று அவர், கம்பெனி மாதிரிக்குக் கொடுத்த சின்னக் காந்த விரிப்பை மடித்து அடியில் போட்டுத்தான் எப்போதும் வைப்பார். மூன்று தடவை போயும் அதை நான் ஒரு துணி என்று நினைத்தேன். முன்பு ஏன் தூங்கவில்லை என்று கேட்பீர்கள். மூடினாலும் தூங்காதே என்று அவர் மகன் ஒரு செட்டிங் வைத்திருந்தானாம். அதைப் பழையபடி மாற்றிவிட்டது அப்டேட். அப்டேட்டைப் போட்டவன் யார் என்று திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை.

இதை அவர் காதோடு சொல்லியிருக்கலாம். நான் மைக்கில் சொன்னேன். லேப்டாப்பில் ஒரு குற்றமும் இல்லை, இந்தப் படுக்கைதான் அதைத் தூங்க வைக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்று மறுபடியும் வைத்து, எடுத்து, வைத்துக் காட்டினேன். நமச்சிவாயம் அவர்கள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் முடிந்தது என்று நானும் செருப்பைத் தேடினேன். அப்போது மாகறலில் இருந்து வந்திருந்த சொக்கம்மாள் என்கிற பெரியம்மா எழுந்தார். நாலு வருஷமாகச் சரியாகத் தூங்காதவராம்.

“கரண்ட்ல ஓட்ற மிசினே தூங்கிப்பூட்ச்சி. கஞ்சி குடிக்கிற மனுசன் தூங்க மாட்டானா? எனக்கு ஒண்ணு எழுதிக்க, சாமி.”

அவ்வளவுதான். கூட்டம் மேடைக்கு வந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அது வேறு, மனித உடம்பு வேறு, இதில் சில்லு இருக்கிறது, உங்களிடம் சில்லு இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். படித்த பிள்ளை, எவ்வளவு விவரமாக எடுத்துச் சொல்கிறது என்றார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று விற்றவர், ஒரு மத்தியானத்தில் பதினோரு பேரை எழுதிக்கொண்டார். சாப்பாட்டில் என் இலைக்கு மட்டும் ஆண்டாளம்மாள் இரண்டு தடவை பாயசம் ஊற்றினார். நமச்சிவாயம் அவர்கள் என் தோளில் கை போட்டு, நைனா என்பதை விட்டுவிட்டு, “மாப்ளே, இத்த எந்தக் காரணத்துக்கும் ரிப்பேர் மட்டும் பண்ணிடாதே” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். எனக்குப் பூரண சம்மதம். ஆனால் இனி எல்லா ஊர்க் கூட்டத்துக்கும் நான் கூடவே வந்து லேப்டாப்பைத் தூங்க வைத்துக் காட்ட வேண்டுமாம். என்னால் முடியாது. நான் மிஷினை எழுப்புவதற்குப் படித்தவன். தெரியாமல் ஒரு தடவை நடந்தது, தெரிந்தே நூறு தடவை செய்தால் அதற்குப் பேர் வேறு. அதனால் மண்டபத்திலிருந்து கடைக்குக் கொண்டுவந்த லேப்டாப்பில் இன்று காலையிலேயே அந்தச் செட்டிங்கை மாற்றிவிட்டேன். இனி அதை எந்தப் படுக்கையில் வைத்தாலும் தூங்காது. பெண்ணைக் கொடுங்கள், வித்தை காட்ட மாப்பிள்ளையைக் கேட்காதீர்கள் என்று நீங்கள் நேரில் வந்து, கண்டிப்பாக, ஒரே பேச்சாக அவரிடம் சொல்லிவிட வேண்டும். உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் ஆசியால் எல்லாம் நல்லபடி முடியும் என்ற தைரியத்தில் இருக்கும்

உங்கள் மருமகன்,
ஸ்ரீராம்குமார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சுபாஷ்ரீ ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் எடுக்கக் கையில் ஒரு காகிதமும் இல்லை. “ரெண்டு வருசமா அப்பா வாங்காத பேச்சில்ல. நேத்துதான் சிரிச்சிக்கினு வூட்டுக்கு வந்தாரு. செட்டிங்க மாத்திட்டீங்களாமே, உங்கம்மா சொன்னாங்க?” என்றாள். மாற்றியதை மாற்றி, அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மாகறலில் கூட்டம்; நான் உண்மையை மட்டுமே பேசுவேன் என்ற நிபந்தனையோடு போகிறேன், அதில் அவருக்கு முழுத் திருப்தி. ஆகவே மேலே அவரிடம் சொல்லச் சொன்னது எதையும் சொல்ல வேண்டாம். இன்னொன்று. மேடை ஏறுகிறவன் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதியாம், உறுப்பினர் தனக்குக் கீழே ஒருவரைச் சேர்த்தாக வேண்டும். அவசரத்தில் ஞாபகத்துக்கு வந்த ஒரே பெயர் உங்களுடையது. டபுள் கட்டில் அளவு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேன் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும். அத்தையின் முழங்காலுக்கும் நல்லது என்று சொல்கிறார்கள்.